கடைசிப் பந்தி

நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குத் தெற்கே உள்ள அந்தத் தெருவில் தசரதனுக்குச் சவரம் செய்ய ஆள் இல்லை. சலூன்காரர் கடுமையாக ஒன்றும் பேசவில்லை. மற்ற ஆட்கள் கடைக்குள் வரத் தயங்குகிறார்கள், என் பிழைப்பையும் நான் பார்க்க வேண்டுமல்லவா, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றுதான் சொன்னார். தசரதனும் வைத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே அங்கே நிறையச் சேர்ந்துபோயிருந்தது.

அண்ணன் வீட்டுக்குப் பின்னால், பழைய டயரும் விறகும் கிடந்த தகரக் கொட்டகையை ஒழித்து அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். சோறு வேளைக்கு வரும். தட்டை வாசலில் வைத்தவர் நாலடி தள்ளிப் போன பிறகுதான் ‘சாப்பாடு’ என்ற குரல் கேட்கும். மனைவி வடிவு திருவேற்காட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் ரத்தத்தைச் சோதித்ததில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அவள் போனதே நல்லது என்று தசரதன் சொல்வான். எந்த மனசோடு சொன்னான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

பூந்தமல்லி லாரி ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து டிரைவரானவன் அவன். பம்பாய்க்கும் கவுகாத்திக்கும் வண்டி ஓட்டினான். ஊருக்கு வரும்போதெல்லாம் பளபளக்கும் சட்டையும் கூலிங் கிளாஸுமாகத் தெருவில் நடப்பான். தொண்ணூற்று நான்கில் ஒருமுறை வந்தவன் திரும்பப் போகவில்லை. காய்ச்சல், இருமல், வாய் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புண். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும்போது ஒருவன் சீட்டைப் பார்த்துவிட்டு, எய்ட்ஸ் கேஸெல்லாம் அந்தப் பக்கம் போ என்று கத்தினான். தசரதன் பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் அந்த வார்த்தை தெருவுக்கு வந்துவிட்டது.

பால்ராஜ் அவனோடு ஒன்பதாம் வகுப்பு வரை படித்து, அவனோடு சேர்ந்தே படிப்பை விட்டவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் எப்போதும் இரவு ஷிப்ட். காலையில் ரயிலை விட்டு இறங்கி வரும்போது தெருவே வேலைக்கும் பள்ளிக்கும் போயிருக்கும். மெஷின் சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருப்பதால் படுத்தாலும் தூக்கம் வராது. பகலில் விழித்துக்கொண்டு சும்மா இருக்கும் ஆம்பிளைகள் அந்தத் தெருவில் இரண்டே பேர். அவர்கள் மறுபடி நண்பர்களானது அதனால்தான். பக்தியும் காரணம் இல்லை, இரக்கமும் காரணம் இல்லை. முதல் சில மாதங்கள் பால்ராஜும் ஊராரைப் போலவே கொட்டகைப் பக்கம் தலையைத் திருப்பாமல் போனவன்தான்.

ஒரு நாள் தசரதனே கூப்பிட்டான்.

“மச்சான், பேப்பர் வெச்சினுகீறியா? கையில குடுக்க வாணாம். இன்னா போட்டுக்கீதுன்னு சொல்லிட்டுப் போ.”

பால்ராஜ் நின்றான். தாடிக்குள் இருந்த முகத்தை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தான்.

“இன்னாடா இது, சாமியாரு மாரி கீற.”

“சாமியாரு கால்ல உழுவாங்க மச்சான். என்னக் கண்டா ஓட்றானுங்க.”

மறுநாள் பால்ராஜ் ஷிப்ட் முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு நர்ஸம்மாவைப் பிடித்து விசாரித்தான். தொட்டால் வராது, எச்சிலால் வராது, ஒரே தம்ளரில் குடித்தாலும் வராது, ரத்தம் படாமல் பார்த்துக்கொள் என்று அந்த அம்மா சொன்னார். திரும்பும் வழியில் பிளேடும் சோப்பும் வாங்கினான். அவன் மனைவி புஷ்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு, அந்த நர்ஸம்மா அவங்க ஊட்ல கூப்ட்டு வெச்சுக்குவாங்களா, கேட்டியா என்றாள். ஆனாலும் தசரதனுக்கு வாய்ப்புண் அதிகமான நாட்களில் ரசத்தில் காரம் போடாமல் தனியாக எடுத்துக்கொடுத்தாள். வீட்டுக்குள் மட்டும் அவனை விடக் கூடாது என்பது அவள் கணக்கு.

பால்ராஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிறிஸ்தவக் கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தான். மணி அடிப்பது, பாய் விரிப்பது, திருவிருந்துக்கு அப்பமும் திராட்சரசமும் எடுத்துவைப்பது, முடிந்ததும் வெள்ளிப் பாத்திரத்தைக் கழுவிப் பெட்டியில் பூட்டுவது எல்லாம் அவன் வேலை. பட்டாபிராம் பக்கம் இருந்த அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பாதுகாப்புத் தொழிற்சாலை வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பங்கள். பால்ராஜின் ஆட்கள் உள்ளூர்க்காரர்கள், ஏரிக்கரைக் காலனி. மாதத்தின் முதல் ஞாயிறுதான் திருவிருந்து. அன்றைக்கு ஆண்கள் பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கிராதி ஓரம் வரிசையாக முழங்கால்போடுவார்கள். அந்த வரிசைக்குப் பந்தி என்று பெயர். முதல் பந்தியில் குவார்ட்டர்ஸ் ஆட்கள், அப்புறம் காலனி ஆட்கள், அப்புறம் பெண்கள். யாரும் சட்டம் போட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பாத்திரம் ஒன்றுதான். தொழிற்சாலையில் மேற்பார்வை பார்க்கும் சார்ஜ்மேன் வாய் வைத்த இடத்தில்தான் காலனிக்காரனும் வாய் வைத்தாக வேண்டும். கோயிலில் பால்ராஜுக்குச் சந்தேகமே வராத விஷயம் அது ஒன்றுதான்.

ஒரு காலை, முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த தசரதன் கேட்டான்.

“உங்க கோயில்ல எல்லாரும் ஒரே கப்புல குடிப்பீங்களாமே, நெசமா?”

“ஆமா. வாய ஆட்டாத, கிழிச்சிடும்.”

“ஆபீசரு, லேபரு, பொம்பளைங்க, அல்லாரும்?”

“அல்லாரும்.”

“நடுவுல கழுவ மாட்டாங்க?”

“ஐயரு துணியால ஓரத்தத் தொடைப்பாரு. அவ்ளோதான்.”

பால்ராஜ் ஒரு கன்னத்தை முடித்து மறு கன்னத்துக்கு வந்தான். எனக்கும் குடுப்பாங்களா என்று தசரதன் கேட்டான். பால்ராஜ் உள்ளதைச் சொன்னான். ஞானஸ்நானம் எடுக்க வேண்டும், வகுப்புக்குப் போய்ப் பாடம் படிக்க வேண்டும், பேராயர் வந்து தலையில் கை வைத்துத் திடப்படுத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் பாத்திரம். ஒரு வருஷம் போல ஆகும்.

“அது வரிக்கும் இருப்பனா?”

“தெரியலடா.”

“சரி, சேத்து வுடு. வேற வேல இன்னா கீது எனக்கு.”

எல்லோரும் ஐயர் என்று கூப்பிடும் போதகர் ஆசீர்வாதம் நல்ல மனிதர். தசரதன் என்ன நோயாளி என்று தெரிந்துதான் அவனை வகுப்பில் சேர்த்துக்கொண்டார். தசரதன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், ஆனால் கேள்வி கேட்பதில் கெட்டிக்காரன். இயேசு குஷ்டரோகியைத் தொட்டாரே, தொட்ட பிறகு கை கழுவினாரா, அது எதிலாவது போட்டிருக்கிறதா என்று கேட்டான். போதகர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த ஞாயிறு அந்தக் கேள்வியை வைத்தே பிரசங்கம் செய்தார். கழுவியதாக எங்கும் எழுதப்படவில்லை, பிரியமானவர்களே என்று அவர் சொன்னபோது சபையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு பிரசங்கத்தைப் பால்ராஜ் அதற்கு முன்பு கேட்டதில்லை.

ஞானஸ்நானத்தின்போது தாவீது என்று பெயர் வைக்கலாமே என்றார் போதகர். லைசென்ஸில் தசரதன் என்று இருக்கிறது ஐயா, போலீஸ்காரன் பிடித்தால் தாவீதுக்கு லைசென்ஸ் இல்லை என்பான் என்று இவன் சொன்னான். பெயர் அப்படியே இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் பேராயர் வந்தார், மற்றவர்களுக்கு வைத்ததைப் போலவே அவன் தலையிலும் கை வைத்தார், போனார். அவர் அடுத்த வருஷம்தான் வருவார். பாத்திரத்தைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவர்கள் இங்கேயே இருப்பவர்கள்.

சபைச் செயலர் ஜெபமணி தொழிற்சாலையில் சார்ஜ்மேன். கமிட்டி கூடியது. பால்ராஜை வெளியே நிற்கச் சொன்னார்கள், ஆனால் ஜன்னல் திறந்துதான் இருந்தது. பிள்ளைகள் இருக்கிற இடம் என்றார்கள். பாதிக் குடும்பம் ஆவடிக் கோயிலுக்குப் போய்விடும் என்றார்கள். டாக்டர்களுக்கே எல்லாம் தெரிந்துவிட்டதா என்றார்கள். கடைசியில் போதகர் ஒரு வழி சொன்னார். ஆண்கள் முடிந்து பெண்களும் முடிந்த பிறகு தசரதன் மட்டும் தனியாக வரட்டும். அவனுக்குப் பிறகு யாரும் இல்லை. மீதி இருப்பதைக் குடித்துப் பாத்திரத்தைக் காலி செய்வது எப்படியும் போதகரின் கடமை.

வெளியே வந்து பால்ராஜின் தோளில் கை வைத்தார். “அவனுக்குப் பின்னால நான் குடிப்பேன் பால்ராஜ். எனக்குப் பயம் கிடையாது.”

பால்ராஜ் அதைத் தசரதனிடம் சொன்னபோது, கடைசி என்பதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. எனக்கப்பறம் ஐயரு குடிப்பாரா என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டான்.

அந்த மாதத்தின் முதல் ஞாயிறு தசரதன் பம்பாயில் வாங்கிய சட்டையைப் போட்டு வந்தான். சட்டை உடம்போடு ஒட்டாமல் தொங்கியது. கடைசி பெஞ்சில் அவனைத் தவிர யாரும் இல்லை. பந்தி பந்தியாக எல்லோரும் போய் வந்தார்கள். பெண்களின் கடைசிப் பந்தி எழுந்ததும் அவன் நடந்து வந்தான். கோயில் அமைதியாக இருந்தது. எவ்வளவு நீளமான கோயில் என்று பால்ராஜுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தசரதன் முழங்கால்போட்டான். போதகர் அப்பம் கொடுத்தார், பாத்திரத்தைச் சாய்த்தார், அவன் குடித்தான். போதகர் பீடத்துக்குத் திரும்பி, சபைக்கு முதுகைக் காட்டியபடி பாத்திரத்தை இரு கையாலும் உயர்த்திக் குடித்தார். துணியை மூடினார். முடிந்தது.

ஆராதனை முடிந்து பால்ராஜ், போதகர் உடை மாற்றும் வெஸ்ட்ரி அறையில் பாத்திரத்தைக் கையில் எடுத்தான். கனத்தது. பல வருஷமாக அவன் கழுவும் பாத்திரம். தண்ணீர் விட்டு அலசி அதையும் போதகரே குடித்துவிடுவார் என்பதால், எப்போதும் வெறுமையாகத்தான் வரும். துணியை எடுத்துப் பார்த்தான். நாலு மடக்கு திராட்சரசம் உள்ளே ஆடியது.

போதகர் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவன் பக்கம் திரும்பாமலே, “அதைச் செடிக்கு ஊத்திரு பால்ராஜ். பாத்திரத்தை வெந்நீர்ல போட்டு எடு” என்றார். வாசலில் சபையார் கைகுலுக்கக் காத்திருந்தார்கள். போய்விட்டார்.

பால்ராஜ் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றான். நர்ஸம்மா சொன்னதெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருந்தது. தசரதனின் முகத்தை இந்தக் கையால்தான் சவரம் செய்கிறான். ஆனாலும் வாய் வரை கொண்டுபோன பாத்திரம் அங்கேயே நின்றது. தசரதனின் உதட்டு ஓரத்தில் இருக்கும் புண் கண் முன்னால் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். எல்லாவற்றையும் குடித்தான். அப்புறம் பின்பக்கக் குழாய்க்குப் போய் வாய் கொப்பளித்தான். இன்னொரு முறையும் கொப்பளித்தான். தண்ணீரைத் துப்பும்போதுதான் தான் செய்வது என்ன என்று அவனுக்கு உறைத்தது. ஈரமான சிமென்ட் தரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே குனிந்து நின்றான்.

மத்தியானம் போதகர் வீட்டுக்குப் போனான். கோபத்தைத் தயார்செய்துகொண்டு போயிருந்தான். போதகர் மறைக்கவில்லை. உதட்டில் வைத்தேன், உள்ளே போகவில்லை என்றார். ராத்திரி முழுக்க என் மனைவி அழுதாள், இரண்டு பெண்பிள்ளைகள் எனக்கு, நான் என்ன செய்யட்டும் என்றார். நடிக்கிறார் என்று நினைக்க முடியவில்லை.

“நீ என்ன பண்ணின அதை?”

“குடிச்சேன்.”

போதகர் தலை குனிந்தார். கொப்பளித்ததைப் பால்ராஜ் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டதால் பேச்சில் அவன் கை ஓங்கியிருந்தது. அந்த வெற்றி அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

“அவன் சந்தோஷமா இருக்கான்ல?” என்றார் போதகர் கடைசியாக. “அவனுக்குத் தெரிய வேண்டாம். அந்த ஒரு சந்தோஷத்தையும் நாம கெடுக்கணுமா?”

பால்ராஜ் எழுந்து வந்துவிட்டான். தசரதனிடம் எதையும் சொல்லவில்லை. சவரம் செய்யும்போது வழக்கம்போலப் பேப்பர் செய்தியைப் பேசினான். தன்னிடம் மறைக்க ஒன்று இருக்கிறது என்ற நினைப்பில் ஒரே செய்தியை இரண்டு முறை சொன்னான். அடுத்த முதல் ஞாயிறு வருவதற்குள் முடிவு செய்துவிட்டான். அவனுக்குப் பிறகு யாராவது ஒருவன் குடிக்க வேண்டும். ஐயர் குடிக்காவிட்டால் நான் குடிக்கிறேன்.

கோயில்பிள்ளை காலனி ஆட்களின் பந்தியில் போவதுதான் வழக்கம். அன்றைக்குப் பால்ராஜ் போகாமல் தூண் ஓரம் நின்றான். பெண்கள் முடிந்தார்கள். தசரதன் தனியாக நடந்து வந்து முழங்கால்போட்டதும், பால்ராஜ் போய் அவனுக்கு இடப்பக்கம் முழங்கால்போட்டான். போதகர் தசரதனுக்குப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் பீடத்துக்குத் திரும்ப முயன்றார். பால்ராஜ் இரண்டு கையையும் நீட்டியிருந்தான். சபைக்கு முன்னால் மறுக்க முடியாது. பாத்திரம் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவர் பாதி விழுங்கிச் சொன்னார். பால்ராஜ் பாத்திரத்தை வாங்கி, செடிக்கு ஊற்ற ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தான். அன்றைக்கு வாய் கொப்பளிக்கவில்லை.

தண்டவாளத்தை ஒட்டி இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

“இன்னாத்துக்கு மச்சான் எனக்கப்பறம் வந்த?”

மெழுகுவத்தி அணைந்துவிட்டது, பார்த்துக்கொண்டிருந்தேன், பந்தி தவறிவிட்டது என்றான் பால்ராஜ்.

“வுடுறா. ஐயரு போன மாசமே குடிக்கல. அவரு தல பின்னால சாயல. முதுகு காட்னா தெரியாதா? எத்தினி வருசம் கண்ணாடியில பின்னாடி வண்டியப் பாத்து ஓட்டினவன் நானு.”

பால்ராஜ் நின்றுவிட்டான். தசரதன் நடந்துகொண்டே இருந்ததால் மறுபடி எட்டி நடக்க வேண்டியிருந்தது.

“தெரிஞ்சும் எதுக்குடா இந்த மாசமும் போன?”

“அவங்க என் எச்சியக் குடிக்கல, சரி. நான் அவங்க எச்சியக் குடிச்சனே. அந்தக் கோயில்ல கீற அத்தினி பேரு வாய் வெச்ச கப்பு. கடைசி ஆளுன்றதால எனக்குத்தான் அல்லாரோடதும் வந்துது.” தசரதன் இருமி, தண்டவாள ஓரத்துக் கல்லில் துப்பினான். “நீ குடிச்சது வேற. நீ மச்சான். நீ குடிப்பேன்னு எனக்குத் தெரியும். ஊர்ல ஒருத்தன் குடிக்கணும்னுதான் பாத்தேன்.”

அந்த வாரமே எல்லாம் நடந்தது. கோயில்பிள்ளை வேலைக்குக் காலனியிலிருந்தே வேறு ஆளைப் போட்டார்கள். குவார்ட்டர்ஸ் பெண்கள் புஷ்பாவைப் பார்த்து, பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்குக் கொஞ்ச நாள் அனுப்ப வேண்டாம் என்று ஆதரவாகச் சொன்னார்கள். அவள் பால்ராஜிடம் சண்டை போடவில்லை. அவன் தட்டைத் தனியாகக் கழுவினாள், பிள்ளைகளைத் தன்னோடு படுக்கவைத்துக்கொண்டாள், பேச்சைக் குறைத்தாள். ராத்திரி வேலைக்குப் போகிறவனுக்கு யார் எங்கே படுத்தால் என்ன என்று பால்ராஜ் நினைத்துக்கொண்டான். பகலில் பாயில் தனியாகப் புரளும்போது அப்படி நினைக்க முடியவில்லை.

ஜெபமணி மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்தார். உள்ளே வரவில்லை. வண்டியை அணைக்காமல் பேசினார்.

“எங்களுக்கு உன் மேல கோவம் ஒண்ணும் இல்லடே. அவனையும் வெரட்டல. வரட்டும், இருக்கட்டும். கமிட்டியில நல்ல முடிவு எடுத்திருக்கோம். இனிமே எல்லாருக்கும் சின்னச் சின்னக் கிளாஸ். டவுன் கோயில்ல எல்லாம் வந்தாச்சு. சுகாதாரம். யாருக்கும் வருத்தம் கிடையாதுல்லா?”

அதைக் கேட்டபோதுதான் பால்ராஜுக்கு உடம்பு பற்றியெரிந்தது. வேலையை எடுத்தபோதுகூட அப்படி எரியவில்லை. மறுநாள் காலை கொட்டகைக்குப் போய்ச் சொன்னான். சொல்லிவிட்டு, இனி அந்தக் கோயில் வேண்டாம், பூந்தமல்லிப் பக்கம் வேறு சபைகள் இருக்கின்றன, வானகரத்தில் கொட்டகை போட்டு நடத்துகிறார்கள், அங்கே போகலாம் என்றான். பேசப் பேசக் குரல் உயர்ந்தது. தசரதன் கயிற்றுக்கட்டிலில் படுத்தபடி கேட்டான். அப்போதே எழுந்து உட்காரச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது அவனுக்கு.

“அங்க மட்டும் இன்னா, என்னக் கட்டிப் புடிப்பானா?”

“அதுக்குன்னு இவனுங்க மூஞ்சில முழிக்கணுமா?”

“நீ முழிக்காத. உனக்குக் கோவம் வந்தா போறதுக்கு நாலு கோயில் கீது. எனக்கு இது ஒண்ணுதான் கீது. ஒரு வருசம் பாடம் படிச்சேன்டா. பெரிய ஐயரு தலையில கை வெச்சாரு. இவனுங்க கிளாஸ மாத்திட்டானுங்கன்னு நான் எங்க போவேன்?” மூச்சு வாங்கியது. “நீ வராட்டி அந்தக் கடைசி பெஞ்சில நான் தனியா குந்தணும். அத்த மட்டும் யோசி.”

பால்ராஜ் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. தான் அவனுக்காகச் சண்டை போட்டிருக்க, அவன் எதிரிகள் பக்கமே போய் உட்காருகிறான் என்று ஆத்திரமாக இருந்தது. முதல் ஞாயிறு காலை, மணிச் சத்தம் கேட்டபோது சட்டையை மாட்டிக்கொண்டான். எங்கே போகிறாய் என்று புஷ்பா கேட்கவில்லை. தசரதனைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வேறொருவன் மணி அடித்தான், வேறொருவன் மெழுகுவத்தி ஏற்றினான்.

திருவிருந்துக்குப் புதுத் தட்டு வந்திருந்தது. பளபளக்கும் தட்டில் மருந்து ஊற்றிக் கொடுக்கும் அளவுக்குச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிளாஸ்கள். பந்தி பந்தியாகப் போய், ஆளுக்கு ஒன்று எடுத்துக் குடித்து, காலிக் கிளாஸைத் தட்டில் திரும்ப வைத்தார்கள். ரொம்பச் சுத்தமாக, சீக்கிரமாக முடிந்தது. காலனி ஆட்களுக்கும் சந்தோஷம்தான் என்று தெரிந்தது. தங்களுக்குத் தனிக் கிளாஸ் கிடைத்த மரியாதை அவர்கள் நடையில் இருந்தது. எதை இழந்தோம் என்று ஒருவர் முகத்திலும் தெரியவில்லை.

கடைசியில் இவர்கள் இருவர். கிராதியைப் பிடித்து முழங்கால்போடவே தசரதனுக்கு நேரம் ஆனது. போதகர் பால்ராஜுக்குத் தட்டை நீட்டினார். அவன் ஒரு கிளாஸை எடுத்தான். தசரதனுக்குத் தட்டு வரவில்லை. பீடத்தின் ஓரத்தில் தனியாக இருந்த காகிதக் கப்பைப் போதகர் எடுத்து வந்தார். அதில் அடியில் கொஞ்சம் திராட்சரசம் இருந்தது. போதகரின் கண்கள் கப்பைத்தான் பார்த்தன, அதை வாங்குகிறவனைப் பார்க்கவில்லை.

பால்ராஜ் தன் கிளாஸைக் குடிக்காமலே கிராதி மேல் வைத்துவிட்டு, அந்தக் காகிதக் கப்புக்குக் கை நீட்டினான். பாதியைத் தான் குடித்துவிட்டு அவனுக்குக் கொடுக்க நினைத்தான். சபை முழுக்கப் பார்க்கட்டும் என்று நினைத்தான். தசரதன் அவன் கையைத் தட்டிவிட்டான்.

“சும்மா இரு மச்சான்” என்றான் தணிந்த குரலில். “ஊட்ல பொஞ்சாதி கீது. சினிமா காட்டாத.”

காகிதக் கப்பை இரண்டு கையாலும் வாங்கித் தனியாகக் குடித்தான். பால்ராஜும் தன்னுடையதைத் தனியாகக் குடித்தான். போதகர் தட்டை நீட்டினார், பால்ராஜின் காலிக் கிளாஸ் அதில் போய்ச் சேர்ந்தது. காகிதக் கப்பை வாங்கிக்கொள்ள எந்தக் கையும் நீளவில்லை. தசரதன் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே முழங்காலில் இருந்தான். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பெஞ்சுக்குத் திரும்பியதும் பாட்டுத் தொடங்கியது. பால்ராஜ் புத்தகத்தில் பக்கத்தை எடுத்துக்கொடுத்தான். அவனுக்கு வாய் திறக்க வரவில்லை. தசரதன் பாடினான். ராகம் தெரியாது, எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த அடிக்குப் போய்விட்டார்கள், ஆனாலும் சத்தமாகப் பாடினான். முன் பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.